வலியா, வழியா?

(சுங்கை செம்பிலாங் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஒருவர், ‘ஒலிவழித் தமிழ்த் தட்டச்சு’ என்ற தலைப்பில் தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ஒலிவழித் தமிழ்த் தட்டச்சு. கணினித் தலைப்பு என்றதும் வீட்டில் சிலர் ரிமோட்டைத் தேடுவது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். நான் கணினிப் பொறியாளர் இல்லை. பொதுத் தொடர்பியலில் டிப்ளோமா முடித்துவிட்டு ஒலிவாங்கி முன்னால் நிற்கிறவள். ஆகவே கணினி மொழியில் பேசி உங்களைக் குழப்ப எனக்கே தெரியாது. என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

அம்மாவின் கண்ணீர்

என் ஊர் சுங்கை செம்பிலாங். கோலசிலாங்கூர் மாவட்டம், ஜெராம் பக்கம். செம்பிலாங் என்பது மலாயில் ஒரு மீனின் பெயர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செம்பனை. அம்மா தோட்டத்துப் பிள்ளை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர். அதற்குமேல் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. ஆனால் தமிழ்ப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எழுத்து விடாமல் படிப்பார். மரண அறிவிப்புகளைக்கூட விடமாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் தாய்மாமா நெஞ்சு வலியென்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் மாமாவின் மகன் அவ்வப்போது செய்தி அனுப்பிக் கொண்டிருந்தான். எல்லாம் தமிழ்தான். ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். அம்மாவால் அதைப் படிக்க முடியாது. பக்கத்து வீட்டில் படிவம் இரண்டு படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார்.

அன்று மதியம் ஒரு செய்தி வந்தது. அந்தப் பிள்ளை படித்துச் சொன்னது: “டாக்டர் சொல்லிட்டாரு, இனிமே வழி இல்லையாம்.”

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். நான் ஒளிப்பதிவில் இருந்தேன், கைப்பேசி அடைத்து வைக்கப்பட்டிருந்தது. கட்டியிருந்த புடவையோடு, கையில் கிடைத்த காசோடு, இரண்டு பேருந்து மாறி அழுதுகொண்டே மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே மாமா கட்டிலில் உட்கார்ந்து மைலோவில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டுக் கொண்டிருந்தாராம்!

நடந்தது என்ன தெரியுமா? பையன் எழுதியது “இனிமே வலி இல்லை” என்று. வி, ஏ, எல், ஐ. இந்த நான்கு ஆங்கில எழுத்தை வலி என்றும் படிக்கலாம், வழி என்றும் படிக்கலாம். பிள்ளை வழி என்று படித்துவிட்டாள். அவள்மேல் குற்றமில்லை. எழுதியவன் மேலும் எனக்குக் கோபமில்லை. அந்த நான்கு எழுத்துக்கு லகரமும் ழகரமும் ஒன்றுதான்.

அன்றிரவு அம்மா என்னிடம் சொன்னார்: “ரெண்டு எழுத்து தமிழ்ல போட்டிருந்தா நானே படிச்சிருப்பேனேம்மா. எனக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியுமே.”

நேயர்களே, அந்த வார்த்தை என்னைச் சுட்டது. ஆறு ஆண்டு தமிழ் படித்த ஒரு தாயை, தமிழில் வந்த செய்திக்கே எழுத்தறியாதவராக ஆக்கிவிட்டோம். யார் ஆக்கியது? வேறு யாரும் இல்லை. நம் கைவிரல்தான்.

நானும் அப்படித்தான் எழுதினேன்

மாமா மகனைக் கேட்டேன். “தம்பி, நீ தமிழ்ப்பள்ளியில் படித்தவன்தானே? ஏன் தமிழில் எழுதவில்லை?” அவன் சொன்னான்: “தமிழ்ல எழுதத் தெரியும்கா. டைப் பண்ணத்தான் தெரியாது.”

அவனைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூன்று ஆண்டுகள் என் நிகழ்ச்சிக் குறிப்புகளை நானும் ஆங்கில எழுத்தில்தான் அடித்தேன். ஒருமுறை ஒத்திகையில் கொலை என்று படிக்க வேண்டியதைக் கொல்லை என்று படித்துவிட்டேன். “நேற்றிரவு கொல்லை நடந்தது” என்றால் எப்படி இருக்கும்! ஒளிப்பதிவாளர் கேமராவை விட்டுவிட்டுச் சிரித்தார். நேரலையாக இருந்திருந்தால் இன்று நான் இந்த மேடையில் நின்றிருக்க மாட்டேன்.

அப்போது ஒரு மூத்த அறிவிப்பாளர் என்னை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததுதான் ஒலிவழித் தட்டச்சு. வாயில் எப்படிச் சொல்கிறோமோ அந்த ஒலிக்குரிய ஆங்கில விசையைத் தட்ட வேண்டும். திரையில் வருவதோ தமிழ் எழுத்து. ‘ஏ’, ‘எம்’, ‘எம்’, ‘ஏ’, ‘ஏ’ என்று தட்டினால் ‘அம்மா’. அவ்வளவுதான். எனக்குத் தமிழும் தெரியும், ஆங்கில விசை எங்கே இருக்கிறது என்றும் தெரியும். தெரிந்த இரண்டையும் இணைக்கத்தான் தெரியாமல் இருந்தது.

247 எழுத்து, 26 விசை

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக 247. ஆங்கில எழுத்துகளுக்கு உள்ள விசைகள் 26. இதை எப்படி அடக்குவது என்பது இன்று நேற்று வந்த கேள்வி இல்லை. தட்டச்சுப் பொறிக் காலத்திலேயே வந்த கேள்வி. அதற்கு முதலில் விடை தேடியவர்களில் முதன்மையானவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1907இல் மலாயாவுக்கு வந்து, பிறகு சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை என்று அவரைச் சொல்கிறோம். புள்ளியையும் கொம்பையும் எழுத்தின் மேலேயே பொருத்துவதற்காக, தட்டினாலும் தாள் நகராத விசையை வைத்தார். அதற்கு ‘நகரா விசை’ என்று பெயர்.

கணினி வந்தபோதும் நம் நாட்டுத் தமிழர் பின்தங்கவில்லை. நம் சிலாங்கூரில், கேரித் தீவில் பிறந்த கவிஞர் முரசு நெடுமாறன் அவர்களைப் பத்திரிகை வாசகர்களுக்குத் தெரியும். அவருடைய மகன் முத்து நெடுமாறன் 1985இல் தமிழ் மென்பொருள் பணியைத் தொடங்கினார். அதுதான் முரசு. பின்னர் வந்தது முரசு அஞ்சல். ஒலிவழியே தட்டும் அந்த முறைக்கே ‘அஞ்சல்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. இன்று உலகின் எந்த மூலையில் ஓர் ஆப்பிள் மெக் கணினியை வாங்கித் தமிழைச் சேர்த்தாலும், பட்டியலில் ‘அஞ்சல்’ என்ற பெயர் இருக்கும். மலேசியத் தமிழர் ஒருவரின் உழைப்பு அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் வீட்டுப் பிள்ளையின் பெயரைப் பார்த்ததுபோல் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

அந்தக் காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. நீங்கள் ஓர் எழுத்துருவில் அடித்து அனுப்புவீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பூச்சி பூச்சியாகத் தெரியும். யூனிகோட் முறை பரவிய பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்தது. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் ‘செல்லினம்’ அறிமுகமாகி, கைப்பேசியிலும் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி வந்தது. வழி எப்போதோ வந்துவிட்டது. நாம்தான் நடக்கவில்லை.

அரபு சொல்லும் பாடம்

இது தமிழருக்கு மட்டும் உள்ள சங்கடம் என்று நினைக்காதீர்கள். என்னோடு வேலை செய்யும் ஒரு மலாய்த் தோழி ஜாவி எழுத்தில் தட்டச்சு செய்வதைப் பார்த்தேன். ஜாவி என்பது அரபு எழுத்தைத் தழுவியது. ‘ச’, ‘ங’, ‘ப’ போன்ற மலாய் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளைக் கூடுதலாகச் சேர்த்துக் கொண்டது. வழக்கமான அரபு விசைப்பலகையில் ‘எஃப்’ விசையைத் தட்டினால் ‘பா’ என்ற அரபு எழுத்து வரும். ஒலிக்கும் விசைக்கும் தொடர்பில்லை. முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டும். அதனால் அவர்களுக்கும் ஒலிவழி விசைப்பலகை இருக்கிறது. ‘பி’ தட்டினால் ‘பா’, ‘எம்’ தட்டினால் ‘மீம்’. நமக்கு ல, ள, ழ இருப்பதுபோல அவர்களுக்கும் இரண்டு வகை ‘ஸ’, இரண்டு வகை ‘ஹ’ உண்டு. இவற்றைப் பிரித்துக் காட்டத்தான் ‘ஷிஃப்ட்’ விசை உதவுகிறது.

அந்த வசதி பரவுவதற்கு முன் அரபு இளைஞர்கள் என்ன செய்தார்கள்? நம் பிள்ளைகள் செய்வதைத்தான். ஆங்கில எழுத்தில் அரபு எழுதினார்கள். ஆங்கிலத்தில் இல்லாத ஒலிகளுக்கு 3, 7 என்று எண்களைப் போட்டார்கள். பார்க்கக் கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும். இன்றும் பலர் அப்படி எழுதுகிறார்கள்.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். மலாய் மொழி ஒரு காலத்தில் ஜாவியில்தான் பெரிதும் எழுதப்பட்டது. 1963ஆம் ஆண்டு தேசிய மொழிச் சட்டம், தேசிய மொழியின் எழுத்து ரூமி என்று வகுத்தது. ஜாவிக்குத் தடையில்லை என்றும் சொன்னது. தடையில்லைதான். ஆனால் தாத்தா ஜாவியில் எழுதி வைத்த கடிதத்தைப் படிக்கப் பேரன் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று என் தோழி சொன்னாள். அவர்கள் அதை யோசித்து, முடிவெடுத்து, சட்டம் போட்டு மாற்றினார்கள். நாமோ யாரும் முடிவெடுக்காமலே, ஒரு வாட்ஸ்அப் செய்தியில் தொடங்கி ஒவ்வொன்றாக மாறிக் கொண்டிருக்கிறோம்.

பத்தே நிமிடம்

சரி, எப்படிச் செய்வது? தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக் கொள்ளுங்கள்.

முதலில் ஆண்ட்ராய்டு கைப்பேசி. பெரும்பாலான கைப்பேசிகளில் கூகுளின் ‘ஜிபோர்டு’ விசைப்பலகை இருக்கும். இல்லாவிட்டால் பிளே ஸ்டோரில் இலவசமாக எடுக்கலாம். அதன் அமைப்புகளில் ‘மொழிகள்’ பகுதிக்குப் போய், விசைப்பலகையைச் சேர்க்கும் இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பல வகை காட்டும். ‘ஏபிசி’ என்று போட்டு, பக்கத்தில் அம்புக்குறி, அதற்குப் பக்கத்தில் ‘தமிழ்’ என்று இருப்பதுதான் ஒலிவழி முறை. அதைத் தொட்டுச் சேருங்கள். வேலை முடிந்தது.

ஐபோன் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் ‘பொது’, அதில் ‘விசைப்பலகை’, பிறகு புதிய விசைப்பலகை சேர்க்கும் இடம், அதில் தமிழ். அஞ்சல் முறையும் தமிழ்99 முறையும் அங்கே இருக்கும். அஞ்சலைத் தேர்ந்தெடுங்கள். பிறகு தட்டும்போது உலக உருண்டைப் படத்தைத் தொட்டால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

விண்டோஸ் கணினியில் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து தமிழ் ஒலிவழி விசைப்பலகை உள்ளேயே வருகிறது. அமைப்புகளில் ‘நேரமும் மொழியும்’ பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். ‘தமிழ் (இந்தியா)’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் விருப்பங்களில் ‘தமிழ் ஃபொனெட்டிக்’ விசைப்பலகையைச் சேர்க்க வேண்டும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். முன்பெல்லாம் இதற்காகவே இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்றவற்றைத் தனியாக இறக்க வேண்டியிருந்தது. அவற்றை உருவாக்கி இலவசமாகத் தந்தவர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

இரண்டு வகை, இரண்டு கவனம்

நிறுவியாகிவிட்டது. இனி பயன்படுத்த வேண்டும். இங்கேதான் பலர் இரண்டு நாள் தட்டிப் பார்த்துவிட்டு, “இது சரியாக வரவில்லை” என்று விட்டுவிடுகிறார்கள். காரணம், ஒலிவழி முறையில் இரண்டு வகை உண்டு என்று யாரும் சொல்லித் தராததுதான்.

ஒரு வகை ஊகித்துத் தருவது. ஜிபோர்டும் விண்டோசும் இந்த வகை. நீங்கள் தாறுமாறாகத் தட்டினாலும் சொல்லைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் ‘வி, ஏ, எல், ஐ’ என்று தட்டினால் வலி, வழி, வளி என்று பல சொற்களை வரிசையாகக் காட்டும். எது உங்களுக்கு வேண்டியது என்று பார்த்துத் தொட வேண்டியது உங்கள் பொறுப்பு. பார்க்காமல் இடைவெளி விசையைத் தட்டினால் முதலில் இருப்பது போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் என் அம்மா மறுபடியும் பேருந்து ஏற வேண்டும்!

இன்னொரு வகை விதிப்படி தருவது. அஞ்சல் இந்த வகை. இங்கே ஊகம் கிடையாது. சின்ன ‘எல்’ தட்டினால் எப்போதும் ல். பெரிய ‘எல்’ தட்டினால் ள். ‘இசட்’ தட்டினால் ழ். சின்ன ‘ஆர்’ ர், பெரிய ‘ஆர்’ ற். சின்ன ‘என்’ ன், பெரிய ‘என்’ ண். சொல்லின் முதலில் ‘என்’ தட்டினால் அதுவே ந ஆகிவிடும். நடுவில் ந் தேவைப்பட்டால் ‘டபிள்யூ’. குறிலுக்கு ஒரு ‘ஏ’, நெடிலுக்கு இரண்டு ‘ஏ’. ‘டி’ மட்டும் தட்டினால் ட், அதோடு ‘எச்’ சேர்த்தால் த். என் ஊர்ப் பெயரில் வரும் ‘சுங்கை’யைத் தட்ட வேண்டுமா? ‘என்’, ‘ஜி’ இரண்டும் சேர்ந்தால் ங். பிறகு ‘கே’, ‘ஏ’, ‘ஐ’.

இந்த அரை டசன் விதிதான் மொத்தப் பாடம். ஒரு தாளில் எழுதிக் கணினிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஒரு வாரத்தில் தாள் தேவைப்படாது. மாமா மகனுக்கு நான் சொல்லிக் கொடுத்தபோது முதலில் அவன் தட்டியது என்ன தெரியுமா? “அத்தை, அப்பாவுக்கு வலி இல்லை.” இந்த முறை அம்மாவே படித்தார். படித்துவிட்டு, எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு தனக்கு வந்த முதல் தமிழ்க் கடிதம் இது என்றார்.

தமிழ்99 என்ன ஆயிற்று?

அரங்கில் இருக்கும் ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். “ஆங்கில எழுத்தை நினைத்துத்தான் தமிழை எழுத வேண்டுமா? இது தமிழுக்கு நல்லதா?” நியாயமான கேள்வி. அம்மா என்று எழுதும்போது மனத்தில் ‘ஏ, எம், எம்’ ஓடுவது அழகில்லைதான்.

அதற்குத்தான் தமிழ்99 இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளியை அதுவே வைத்துக் கொள்ளும். ‘அம்மா’ என்று அடிக்க அஞ்சலில் ஐந்து தட்டு, தமிழ்99இல் நான்கு தட்டு. ‘தமிழ்’ என்று அடிக்க அஞ்சலில் ஆறு, அதில் ஐந்து. நாள் முழுக்கத் தமிழில் எழுதும் பத்திரிகையாளர், ஆசிரியர், எழுத்தாளர் அதைக் கற்றுக்கொள்வதுதான் நல்லது. இப்போதுதான் எழுத்துக் கற்கும் தமிழ்ப்பள்ளிக் குழந்தைக்கும் அதையே முதலில் சொல்லித் தரலாம் என்பது என் கருத்து. அந்தக் குழந்தையின் விரலுக்கு எந்தப் பழக்கமும் இன்னும் ஏறவில்லையே.

ஆனால் என் மாமா மகனைப் போன்றவனுக்கு? பகல் முழுவதும் தொழிற்சாலையில் வேலை. ஒரு நாளைக்குப் பத்து வரி செய்தி அனுப்புகிறான். அவனிடம் போய்ப் புதிய விசைப்பலகையை மனப்பாடம் செய் என்றால் அவன் தமிழ்99க்கும் வரமாட்டான், அஞ்சலுக்கும் வரமாட்டான். ஆங்கில எழுத்துக்கே போய்விடுவான். தமிழ்99ஐப் பரப்புகிறவர்களும் ஒலிவழியைப் பரப்புகிறவர்களும் ஒருவரோடு ஒருவர் வழக்காடிக் கொண்டிருந்தால், வெல்லப் போவது அந்த நான்கு ஆங்கில எழுத்துதான். ஒலிவழி முறை வீட்டின் முன்வாசல் மாதிரி. அதன் வழியாக உள்ளே வரட்டும். வந்தவன் எந்த அறையில் உட்காருவது என்று பிறகு பார்த்துக் கொள்வான்.

“இப்போதுதான் பேசினாலே எழுத்தாகிறதே, தட்டச்சு எதற்கு?” என்றும் சிலர் கேட்கிறார்கள். பேசி எழுதலாம், நல்ல வசதி. ஆனால் பேருந்திலும் மருத்துவமனையிலும் எல்லாவற்றையும் சத்தம் போட்டுச் சொல்ல முடியுமா? அதுவும் நம் ஊர்ப் பேச்சில் ழகரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்!

நான் கேட்பது ஒன்று

நேயர்களே, எங்கள் நிகழ்ச்சிக்கு வரும் செய்திகளைப் படிக்கிறேன். பெரும்பாலானவை ஆங்கில எழுத்தில் வரும் தமிழ். உங்கள் அன்பு அதில் தெரிகிறது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் செய்தி திரையில் ஓடும்போது, புக்கிட் ரோத்தானிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ தஞ்சோங் காராங்கிலோ உட்கார்ந்து பார்க்கும் ஒரு தோட்டத்து அம்மா, பேத்தியைக் கூப்பிட்டு “என்னம்மா எழுதியிருக்கு?” என்று கேட்கிறார். தமிழ் படிக்கத் தெரிந்த அம்மா அவர். அந்த மருத்துவமனை நாளுக்குப் பிறகு என் மனத்தில் நிற்கும் படம் இதுதான்.

ஆகவே இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். இந்த நிகழ்ச்சி முடிந்ததும் தொலைக்காட்சியை அடைத்துவிட்டு, அதில் எனக்கு வருத்தமில்லை, உங்கள் கைப்பேசியில் அந்த விசைப்பலகையைச் சேருங்கள். பத்து நிமிடம் போதும். பிறகு உங்கள் வீட்டில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவருக்கு ஒரு வரி அனுப்புங்கள். “சாப்பிட்டீர்களா?” என்று கேட்டாலும் போதும். பிழை வந்தால் வரட்டும். அடுத்த முறை சரியாகும்.

அவர்கள் யாரையும் கூப்பிடாமல், கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாங்களே படிப்பார்கள்.